தானியக் குழி காலியான பிறகு: தென் சோமாலியாவின் பாய் மாகாணம், 2010–2012

சோமாலி மொழியில் வறட்சிக்கு ‘அபார்’ என்று பெயர்; பஞ்சத்துக்கும் அதே சொல்லைச் சொல்வதுண்டு. தமிழில் இரண்டையும் பிரித்துச் சொல்கிறோம். ஆனால் ‘பஞ்சம் பிழைக்கப் போனார்கள்’ என்று நம் ஊர்களில் சொல்லும்போது, பசியோடு ஊரை விட்டுப் போவதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. 2011-ல் தென் சோமாலியாவின் பாய் மாகாணத்தில் மழை பொய்த்தது, பஞ்சம் விழுந்தது, மக்கள் கிளம்பினார்கள். உலகச் செய்திகள் அவர்களை ஒரு நாள் வறட்சி அகதிகள் என்றும் மறுநாள் போர் அகதிகள் என்றும் எழுதின.

இந்த ஆய்வு தனியொரு குடும்பத்தைப் பற்றியது அல்ல. பாய் மாகாணத்து மானாவாரிக் குடியானவர்கள் 2010 அக்டோபரில் வானத்தைப் பார்த்து நின்றதிலிருந்து 2012-ல் பஞ்சம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது வரை நடந்ததையும், அதன் பின்விளைவுகளையும் பதிவு செய்கிறது. ஊரை விட்டுப் போகலாமா, எப்போது, யார் யார் என்று அவர்கள் எடுத்த முடிவுகளும், அவர்களைப் பற்றி மற்றவர்கள் எடுத்த முடிவுகளும்தான் இதன் பொருள்.

பின்னணி

ஜூபா, ஷபெல்லே என்ற இரண்டு ஆறுகளும் எத்தியோப்பிய மலைகளில் பிறந்து சோமாலியாவுக்குள் இறங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே இருந்தும் அவற்றின் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம்தான் பாய் மாகாணம். தலைநகர் பைடோவா. மண் நம் கரிசலை ஒத்த களிமண். மழை பெய்தால் நாட்டுக்கே சோளம் கொடுக்கும். சோளம் என்றால் மக்காச்சோளம் இல்லை, நம் பாட்டிமார் களி கிண்டிய அதே சோளம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை பெய்யும் பெரிய மழைக்குக் ‘கூ’ என்று பெயர். அதன் அறுவடை ஜூலை, ஆகஸ்டில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் சிறிய மழை ‘தெய்ர்’. அதன் அறுவடை ஜனவரியில். அதற்குப் பின் மார்ச் வரை ‘ஜிலால்’ என்னும் கடும் கோடை. நல்ல ஆண்டில் மிஞ்சும் சோளத்தை மண்ணில் ஆழமாகத் தோண்டிய குழிகளில் கொட்டி மூடி வைப்பார்கள். இந்தக் குழிக்குப் ‘பகார்’ என்று பெயர். ஒரு பருவம் பொய்த்தால் குழியைத் திறப்பார்கள். அதுவும் தீர்ந்தால் ஆட்டை விற்பார்கள். அதற்கும் மேல் போனால் ஆண்கள் ஆற்றோரப் பண்ணைகளுக்கோ நாட்டின் தலைநகர் மொகதிஷுவுக்கோ கூலிக்குப் போவார்கள். கடைக்காரரிடம் கடன், உறவினரிடம் கைமாற்று, உணவு உதவி லாரி என்று வேறு வழிகளும் உண்டு. தலைமுறைகளாக வறட்சியைச் சமாளித்தே பழகியவர்கள். ஒரு பருவம் மழை இல்லை என்பதற்காக எவரும் எல்லை தாண்டுவதில்லை.

இங்கே பெரும்பான்மையினர் ரஹன்வெய்ன் குலத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் கீழாக நடத்தப்பட்டவர்கள் பான்டு சிறுபான்மையினர். சோமாலியாவின் அதிகார வட்டத்தில் இவ்விரு கூட்டத்தாருக்கும் நெடுங்காலமாகப் பெரிய இடம் இருந்ததில்லை. அமெரிக்காவின் மின்னியாபோலிஸிலோ லண்டனிலோ இருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் உறவினர்கள் மற்ற குலத்தாருக்கு இருந்த அளவுக்கு இவர்களுக்கு இல்லை. இந்த ஒரு விவரம் பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதியை விளக்கும்.

1991-ல் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் படைகள் இந்தச் சோள நிலத்தை மாறி மாறிக் கொள்ளையடித்தன; 1992 பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட ஊர் பைடோவா. 2006 முடிவில் எத்தியோப்பியப் படைகள் நுழைந்தன. அவை வெளியேறிய 2009 ஜனவரியில் அல்-ஷபாப் என்ற ஆயுதமேந்திய இஸ்லாமிய இயக்கம் பைடோவாவைப் பிடித்தது. அன்றிலிருந்து விளைச்சலிலும் கால்நடையிலும் ஸக்காத் (இஸ்லாமிய தர்மக் கடமை) என்ற பெயரில் வரி போனது. 2008-லேயே அந்த இயக்கத்தை அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. அதனால் அதன் பகுதிகளுக்கு உதவி அனுப்புவது சட்டச் சிக்கலாகி, அமெரிக்கப் பணம் வேகமாகச் சுருங்கியது. அல்-ஷபாபின் நிபந்தனைகளாலும் மிரட்டலாலும் 2010 ஜனவரியில் உலக உணவுத் திட்டம் தெற்கில் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. மழை பொய்ப்பதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே உணவு லாரி நின்றுபோயிருந்தது.

மழை: அக்டோபர் 2010 – ஜூன் 2011

பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா வலுவாக உருவாகியிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் அது தெய்ர் மழையைக் குறைக்கும் என்பது தெரிந்த சங்கதி. 2010 ஆகஸ்டிலேயே பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு எச்சரிக்கத் தொடங்கிவிட்டது. தெய்ர் பொய்த்தது. 2011 ஜனவரியில் அறுக்க எதுவும் இல்லை. ஜிலால் கோடையில் குளங்கள் வற்ற, முதலில் மாடுகள் விழுந்தன, பிறகு ஆடுகள். ஒட்டகம் கடைசிவரை தாங்கும். ஆனால் ஒட்டகம் நாடோடி மேய்ப்பரின் சொத்து. சோளம் விதைப்பவரிடம் இருப்பது சில ஆடுகளும் ஒன்றிரண்டு மாடுகளும்தான். ஏப்ரலில் வரவேண்டிய கூ மழை தாமதமாக வந்து, போதாமல் போனது.

இதில் பருவநிலை மாற்றத்தின் பங்கு என்ன? பிரிட்டிஷ் வானிலை ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2013-ல் இரண்டு மழைகளையும் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்டார்கள். 2010 தெய்ர் பொய்த்தது லா நினாவின் வேலை. மனிதச் செயலின் தடம் அதில் தென்படவில்லை. 2011 கூ மழை பொய்ப்பதற்கான வாய்ப்பை மனிதச் செயல்கள் கூட்டியிருந்தன. ஆக, முதல் அடி இயற்கையின் ஊசலாட்டம். எழ முடியாமல் செய்த இரண்டாவது அடியில் நம் புகையும் இருந்தது. ‘எல்லாம் பருவநிலை மாற்றம்’ என்பவர்களும் ‘எல்லாம் உள்நாட்டுச் சண்டை’ என்பவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

அடைபட்ட வழிகள்

பழைய வழிகள் அந்த ஆண்டு என்ன ஆயின என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் போரின் பங்கு புரியும்.

குழி முதலில் காலியானது. அதை நிரப்பியிருக்க வேண்டிய மிகுதியில் ஒரு பகுதி வரியாகப் போயிருந்தது. ஆட்டை விற்கப் போனால் சந்தையில் எல்லோரும் ஆட்டோடு நின்றார்கள். சோள விலை பல மடங்கு ஏறியிருந்தது, ஆட்டின் விலை இறங்கியிருந்தது. ஓர் ஆட்டுக்குக் கிடைக்கும் சோளத்தின் எடை மாதா மாதம் சுருங்கியது. உலகச் சந்தையிலும் 2010–11-ல் தானிய விலை உச்சத்தில் இருந்ததால் இறக்குமதி அரிசியும் கைக்கு எட்டவில்லை. ஆற்றோரப் பண்ணைகளில் கூலி குறைந்தது. மொகதிஷுவில் ஆப்பிரிக்க ஒன்றியப் படைக்கும் அல்-ஷபாபுக்கும் தெருத்தெருவாகச் சண்டை. கடைக்காரர் கடனை நிறுத்தினார். அவருக்குக் கொடுத்தவரும் நிறுத்தியிருந்தார். உணவு லாரி வருவதே இல்லை.

வறட்சி ஒருவரைக் கிளம்ப வைக்கும். அவர் பக்கத்து மாவட்டத்தில் நிற்பாரா, நாடு கடப்பாரா என்பதை இங்கே போர்தான் தீர்மானித்தது. என் கணிப்பில், இந்த நிகழ்வின் முடிச்சு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டு கிழக்கு கென்யாவிலும் தென்கிழக்கு எத்தியோப்பியாவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வறட்சி. அங்கும் பசி கடுமையாக இருந்தது, மாடுகள் செத்தன. பஞ்சம் என்று அறிவிக்கும் நிலைக்கு அங்கே எந்த மாவட்டமும் போகவில்லை.

யார், எப்போது கிளம்பினார்கள்

கொஞ்சம் பணமும் நகரத்தில் உறவும் இருந்தவர்கள் 2011-ன் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் வாகனத்தில், கிளம்பினார்கள். மற்றவர்கள் கூ மழைக்காகக் காத்திருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்தக் காத்திருப்பு மூடத்தனமாகத் தெரியலாம். விதைப்பு நேரத்தில் நிலத்தை விட்டுப் போனால் அந்த ஆண்டு போயிற்று. திரும்பி வரும்போது அந்த நிலம் தன் கையில் இருக்குமா என்பதும் போர்க்காலத்தில் நிச்சயமில்லை. மிச்சமிருந்த விதைச் சோளத்தையும் பலர் மண்ணில் போட்டார்கள். மே மாதத்தில் அது முளைக்காது என்று தெரிந்தபோது வழிச்செலவுக்கு விற்க ஆடுகூட இல்லை. கடைசியாகக் கிளம்பியவர்கள்தான் கால்நடையாகப் போனார்கள்.

முகாம்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆண்களில் சிலர் மிச்ச கால்நடைக்காகவும் நிலத்துக்காகவும் தங்கினார்கள், சிலர் வேலை தேடி வேறு திசையில் போனார்கள், சிலர் சண்டையில் சிக்கினார்கள். அல்-ஷபாப் சில இடங்களில் கிளம்பியவர்களை வழிமறித்துத் திருப்பியது. பஞ்சம் என்பதே பொய்ப் பிரசாரம் என்றும் சொன்னது.

போகும் திசைகள் மூன்று. எத்தியோப்பிய எல்லையில் உள்ள டோலோ அடோ அகதி முகாம்கள், பைடோவாவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 210 கி.மீ. தென்கிழக்கே மொகதிஷு, சாலை வழியாகச் சுமார் 250 கி.மீ. தென்மேற்கே கென்யாவின் தாதாப் அகதி முகாம், நேர்கோட்டிலேயே சுமார் 500 கி.மீ. இருந்தும் தாதாப் பலரை இழுத்தது. 1992 பஞ்சத்தில் போன உறவினர்கள் அங்கே இருந்தார்கள். இருபது ஆண்டுகளாக ரேஷன் கிடைக்கும் இடம் என்பதும் ஊரறிந்த செய்தி. வழியில் கொள்ளையர், பாலியல் வன்முறை, கழுதைப்புலி. நடக்க முடியாத பிள்ளையை விட்டுவிட்டு, நடக்கக்கூடிய பிள்ளையோடு தொடர்ந்த தாய்மார்களைப் பற்றி மருத்துவக் குழுக்களும் செய்தியாளர்களும் அப்போதே பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லையில்

பாதுகாப்பைக் காரணம் காட்டி 2007 ஜனவரியில் கென்யா சோமாலிய எல்லையை முறைப்படி மூடியிருந்தது. மக்கள் வருவது நிற்கவில்லை. நின்றது லிபோய் என்ற எல்லை ஊரில் இருந்த இடைத்தங்கல் மையம்தான். அங்கேதான் வருபவர்களை மருத்துவச் சோதனை செய்து, ஆயுதம் உண்டா என்று பார்த்து, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். அது மூடப்பட்டதால் எல்லை தாண்டியவர்கள் தாதாப் வரை இன்னும் 80, 100 கி.மீ. தாங்களே போக வேண்டியிருந்தது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு, உள்ளே வருபவர்களைச் சோதிக்கும் ஒரே இடத்தை இல்லாமல் ஆக்கியது.

தாதாப் 1990-களின் தொடக்கத்தில் 90,000 பேருக்காகத் திட்டமிடப்பட்டது. இஃபோ, தகஹலே, ஹகதேரா என்ற மூன்று முகாம்களிலும் 2011-க்கு முன்பே அதைப் போல மூன்று மடங்கு மக்கள் இருந்தார்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இடமில்லாமல் முகாமுக்கு வெளியே முட்செடிகளை வளைத்து, துணியும் பிளாஸ்டிக்கும் போர்த்திக் குடிசை போட்டார்கள். அருகிலேயே இஃபோ 2 என்ற விரிவாக்கம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடத்தோடு காலியாகக் கிடந்தது. அதைத் திறந்தால் இன்னும் பலர் வருவார்கள், வந்தவர்கள் போக மாட்டார்கள் என்று கென்ய அரசுக்குள் தயக்கம். ஜூலை நடுவில் பிரதமர் ரைலா ஒடிங்கா நேரில் வந்து பார்த்தபின்தான் திறக்க ஒப்புதல் கிடைத்தது.

கென்யாவின் தயக்கத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. முகாமைச் சுற்றியுள்ள கென்யக் குடிகளும் அதே வறட்சியில் மாட்டை இழந்தவர்கள். அவர்களில் பலர், சொந்த நாட்டிலேயே, ரேஷனுக்காக அகதிகளாகப் பதிவு செய்துகொண்டார்கள். பின்னாளில் கைரேகைகளை ஒப்பிட்டபோது இது வெளிப்பட்டது. அகதிப் பட்டியலில் பெயர் இருந்ததால் அவர்களில் பலருக்குக் கென்ய அடையாள அட்டை மறுக்கப்பட்டது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் வறட்சிக்கு இடமில்லை. 1969-ன் ஆப்பிரிக்க உடன்படிக்கை, பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும் நிகழ்வுகளிலிருந்து தப்பி வருபவர்களையும் அகதிகளாக ஏற்கிறது. அப்போது கென்யா சோமாலியர்களைத் தனித்தனி விசாரணை இன்றி, கூட்டாகவே அகதிகளாக ஏற்று வந்தது. அதனால் ‘மழையா, துப்பாக்கியா’ என்ற கேள்வி 2011-ல் யாரையும் வாசலில் திருப்பி அனுப்பவில்லை. 2016-ல் அந்தக் கூட்டு ஏற்பைக் கென்யா விலக்கிக்கொண்டது.

அறிவிப்பும் அதன் பிறகும்

2011 ஜூலை 20 அன்று ஐ.நா. பாய்க்குப் பக்கத்துப் பகுதிகளான தெற்கு பகூலிலும் கீழ் ஷபெல்லேயிலும் பஞ்சம் என்று அறிவித்தது. ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு அறவே உணவில்லை, 30 சதவீதத்துக்கு மேல் கடும் ஊட்டக்குறைவு, நாளொன்றுக்குப் பத்தாயிரத்தில் இருவருக்கு மேல் சாவு: மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். அதாவது, சாவை எண்ணிய பிறகுதான் அறிவிப்பே வரும். பாய் மாகாணத்துக்கு அந்த அறிவிப்பு செப்டம்பர் 5-ல் வந்தது. தெய்ர் பொய்த்து ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன.

அறிவிப்புக்குப் பிறகு பணம் கொட்டியது. கொடுக்கும் வழிதான் இல்லை. உணவு மூட்டையை ஏற்றினால் தடை, கொள்ளை, வரி. இங்கே உதவி நிறுவனங்கள் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது: மூட்டைக்குப் பதில், பணம் அனுப்பும் ஹவாலாக் கடைகள் வழியாகப் பணத்தையும் சந்தைச் சீட்டுகளையும் கொடுத்தார்கள். வியாபாரிகளின் லாரியை அல்-ஷபாபும் மறிப்பதில்லை. சந்தை உயிரோடிருந்தது, மக்களிடம் காசுதான் இல்லை. பணம் ஆயுதக்காரர் கைக்குப் போகும், விலையை ஏற்றிவிடும் என்ற அச்சத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட முடிவு இது. கசிவு இருந்தது, குலத் தலைவர்களும் முகாம் காவலர்களும் பங்கு எடுத்தார்கள். ஆனால் அஞ்சியபடி விலை ஏறவில்லை. வெளியிலிருந்து தானியம் வந்ததும் இறங்கத் தொடங்கியது.

இதற்கிடையே அக்டோபர் 13-ல் தாதாபில் வெளிநாட்டு உதவிப் பணியாளர் இருவர் கடத்தப்பட்டார்கள். மூன்று நாளில் கென்யப் படை சோமாலியாவுக்குள் நுழைந்தது. முகாமில் புதியவர்களைப் பதிவு செய்வது நின்றது. நவம்பர் 28-ல் அல்-ஷபாப் 16 உதவி அமைப்புகளைத் தடை செய்தது. பதிவில்லாதவர்களுக்கு முறையான ரேஷன் இல்லை. கடைசியாகக் கிளம்பி வந்தவர்கள் இங்கேயும் வரிசையின் கடைசியில்தான் நின்றார்கள்.

விளைவு

2011 தெய்ர் நன்றாகப் பெய்தது. ஜனவரியில் அறுவடை. 2012 பிப்ரவரி 3-ல் பஞ்சம் முடிந்ததாக அறிவிப்பு. அதே மாதம் எத்தியோப்பியப் படை பைடோவாவை அல்-ஷபாபிடமிருந்து எடுத்தது.

2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை தென், மத்திய சோமாலியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்ததாக 2013-ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் 1,33,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்தப் பகுதியில் அந்த வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்று. சாவு உச்சத்துக்குப் போனது மே மாதம் தொடங்கி, அறிவிப்புக்கு முன்பே. இறந்தவர்களில் ரஹன்வெய்ன், பான்டு மக்களே மிகுதி.

தாதாபின் மக்கள்தொகை 4,60,000-ஐத் தாண்டியது. தப்பி வந்து சேர்ந்தபின் தட்டம்மையில் போன குழந்தைகள் அங்கும் டோலோ அடோவிலும் உண்டு. 2013-ல் சோமாலியா, கென்யா, ஐ.நா. அகதிகள் ஆணையம் மூன்றும் செய்த உடன்படிக்கையின்படி பலர் பைடோவாவுக்கும் தெற்குத் துறைமுக நகரான கிஸ்மாயோவுக்கும் திரும்பினார்கள். நிலம் வேறு கையில், பள்ளி இல்லை, ஊரைச் சுற்றி இன்னும் அல்-ஷபாப். சிலர் மறுபடி தாதாபுக்கே நடந்தார்கள்; 2016-க்குப் பின் பல ஆண்டுகள், வந்தவர்களில் பெரும்பாலோர் பதிவு செய்யப்படவில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

முதலாவது நேரம். எச்சரிக்கை ஆகஸ்ட் 2010-லேயே இருந்தது; அது யாருக்கும் தெரியாமல் இல்லை. 2011 ஜனவரியில், தெய்ர் அறுவடை இல்லை என்று தெரிந்த வாரத்தில், பணத்தைச் சந்தைக்குள் விட்டிருந்தால் ஆடு விற்காமல் நின்றிருக்கும், பல குடும்பங்கள் மே மாதம் நடந்திருக்கத் தேவையில்லை. இது வெறும் ஊகமல்ல. 2016-ல் தெய்ர் மறுபடி பொய்த்தபோது 2017-ன் தொடக்கத்திலேயே பணம் வந்தது, கைபேசி வழியாகவும் போனது, பஞ்சம் தடுக்கப்பட்டது. ஊரை விட்டுக் கிளம்புவதை மட்டும் அதுவும் நிறுத்தவில்லை. லட்சக்கணக்கானோர் கிளம்பினார்கள், ஆனால் இம்முறை பெரும்பாலோர் பைடோவாவிலும் மொகதிஷுவிலும் நின்றார்கள், ஏனென்றால் உதவி அங்கே எட்டியது.

எல்லையில் சோதனை மையத்தை மூடக்கூடாது. பாதுகாப்புக்கு அஞ்சுகிற அரசுக்கே அது அதிகம் தேவை. தட்டம்மை ஊசியை முகாமில் போடுவதற்குப் பதில் லிபோயிலேயே போட்டிருக்கலாம்.

பணம் யாருக்குப் போகிறது என்பதில் குலத்தைப் பற்றிப் பேச உதவி நிறுவனங்கள் கூசின. நடுநிலை என்று நினைத்தார்கள். பட்டியலைத் தயாரித்தவரோ உள்ளூரில் கை ஓங்கியவர். வெளிநாட்டில் உறவு இல்லாத குடும்பம் எது என்று கேட்டிருந்தால் போதும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விடை அது.

2020 இறுதியிலிருந்து தொடர்ந்து ஐந்து பருவங்கள் பொய்த்தன. 2022-ல் மட்டும் சுமார் 43,000 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பீடு. பஞ்சம் என்று அறிவிக்கப்படும் என அந்த ஆண்டு எச்சரித்த இரு மாவட்டங்கள் பைடோவாவும் புர்ஹகபாவும், இரண்டுமே பாய் மாகாணத்தில். கடைசிவரை அந்த அறிவிப்பு வரவில்லை. பைடோவாவைச் சுற்றி இப்போது நூற்றுக்கணக்கான குடிசை முகாம்கள். கிராமத்தில் நிலம் வைத்திருப்பவர்களில் சிலர் மழை வந்தால் விதைக்கப் போய், அறுத்துக்கொண்டு முகாமுக்கே திரும்புகிறார்கள். பகார் தோண்டுவதில்லை.